பிள்ளைகளோடு சதுப்பு நிலத்துக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

புக்கிட் ரோத்தானில் இருக்கும் எங்களுக்குக் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா கூப்பிடு தூரம்தான். செம்பனைத் தோட்டங்களைக் கடந்து போனால் புக்கிட் மெலாவாத்தி குன்றின் அடிவாரத்தில் வாசல். 1987-இல் மலேசிய இயற்கைச் சங்கத்தின் முயற்சியில் உருவான இடம். இருந்தும் இங்குள்ள பல குடும்பங்கள் ஒரே ஒருமுறை போய்விட்டு, "அங்க ஒன்னுமில்ல, சேறும் கொசுவும்தான்" என்று சொல்லி விட்டுவிடுகின்றன. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மணிக்குப் போனீர்கள்?

எங்கள் முதல் பயணமும் அப்படித்தான் முடிந்தது. சனிக்கிழமை நிதானமாகப் பசியாறிவிட்டு, பதினொரு மணிக்கு மேல் உள்ளே நுழைந்தோம். அலையாத்திக் காட்டு மரப்பாதைக்குக் கீழே கலங்கல் தண்ணீர் அசையாமல் நின்றது. மகள் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்து, "நண்டு எங்கப்பா?" என்று மூன்று தடவை கேட்டாள். வெயில் தலைக்கு மேல். அரை மணி நேரத்தில் சின்னவன் தூக்கச் சொல்லி அழ ஆரம்பித்தான்.

நாங்கள் செய்த பெரிய தவறு, கடல் நீரின் கணக்கைப் பார்க்காமல் கிளம்பியது. சதுப்பு நிலத்தில் பிள்ளைகள் பார்க்க விரும்பும் பெரும்பாலானவை சேற்றில்தான் இருக்கின்றன. சேறு வெளியே தெரிய நீர் வற்ற வேண்டும். நம் கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. அந்த நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அதனால் போன வாரம் உறவினர் போய் வந்த நேரம் இந்த வாரம் நமக்கு உதவாது.

இதற்கு வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியே பாதி வழி காட்டிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக ஏறி நன்றாக வற்றும். அஷ்டமி, நவமி வாக்கில் அவ்வளவாக ஏறவும் ஏறாது, வற்றவும் வற்றாது. நாங்கள் முதலில் போனது அஷ்டமியன்று. நம் பக்கத்தில் அமாவாசை, பௌர்ணமி நாள்களில் காலை ஆறு, ஏழு மணி வாக்கில் நீர் உச்சத்தில் இருக்கும், நண்பகலில்தான் வற்றும். அதற்கு மூன்று நாள் முன்னதாகப் போனால் காலை ஒன்பது, ஒன்பதரைக்கே சேறு தெரியும், வெயிலும் ஏறியிருக்காது. கிள்ளான் துறைமுகத்துக்கான நீர்மட்ட அட்டவணை கைப்பேசியிலேயே கிடைக்கிறது. கோல சிலாங்கூருக்கும் அது ஏறக்குறையப் பொருந்தும். கிளம்புவதற்கு முந்தின இரவு அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பறவைகளுக்காகப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியா பக்கமிருந்து வரும் உள்ளான்கள், நீர் வற்றும்போது தூரத்துச் சேற்றுவெளிக்கு இரை தேடப் போய்விடும். நீர் ஏறும்போதுதான் கரைப் பக்கம் ஒதுங்கும்.

அடுத்த தவறு, பாதை முழுவதையும் நடந்து முடிக்க வேண்டும் என்று பிள்ளைகளை விரட்டுவது. இது மலையேற்றம் இல்லை, உச்சி என்று ஒன்றும் கிடையாது. இங்கே நடப்பதைவிட நிற்பதுதான் முக்கியம். இரண்டாவது முறை போனபோது மரப்பாதையில் ஒரே இடத்தில் இருபது நிமிடம் நின்றோம். முதல் இரண்டு நிமிடம் வெறும் சேறுதான். அப்புறம் ஒரு வளையிலிருந்து ஆரஞ்சு நிறக் கொடுக்கு மெல்ல எட்டிப் பார்த்தது. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டு. அது வெளியே வந்து கொடுக்கை மேலும் கீழும் ஆட்டியது. கொஞ்ச நேரத்தில் சுற்றிலும் பத்துப் பதினைந்து நண்டுகள். பக்கத்தில், மலாய்க்காரர்கள் பெலாச்சா என்று சொல்லும் சேற்று மீன் ஒன்று இரண்டு துடுப்பையும் கைபோல ஊன்றித் தத்தியது, ஒரு பக்கமாகப் புரண்டு உடம்பில் ஈரச் சேற்றைப் பூசிக்கொண்டது. தோல் ஈரமாக இருந்தால்தான் அதற்குத் தரையில் மூச்சு. கண்ணை உள்ளே இழுத்து நனைத்துவிட்டு மறுபடி வெளியே தள்ளியதைப் பார்த்து மகன் வாயைத் திறந்தபடி நின்றான். நாங்கள் ஓடியிருந்தால் அத்தனையும் வளைக்குள் போயிருக்கும். மரப்பாதையில் தடதடவென்று கால் வைத்தாலே போதும், அதிர்வு தெரிந்துவிடும்.

சேற்றில் இறங்கி நடக்கவும் வேண்டாம். கூராக்கிய பென்சில்போல மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அப்பி-அப்பி மரத்தின் மூச்சு வேர்கள். மிதித்தால் காலும் கிழியும், மரத்துக்கும் கேடு. பக்காவ் மரத்தில் முருங்கைக்காய்போலத் தொங்குவதைப் பிள்ளைகள் பறிக்கப் பார்ப்பார்கள். அது காய் இல்லை. விதை மரத்திலேயே முளைத்து, நீண்டு தொங்கும் கன்று. விழுந்த இடத்தில் சேறு கிடைத்தால் அங்கேயே வேர்விடும், இல்லையென்றால் மிதந்து வேறு கரைக்குப் போகும். பறிக்காமல், கீழே விழுந்து கிடப்பதைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.

குரங்கு விஷயத்தில் நம் ஆள்கள் செய்யும் தவறுதான் எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது. இங்கே இரண்டு வகை உண்டு. சாம்பல் வெள்ளி நிற லோத்தோங் சாது, இலை தின்னி. அதன் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், சில மாதங்களில் சாம்பலாகிவிடும். இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கும்படி அறை அறையாக அமைந்த வயிறு அதற்கு. ரொட்டியும் பிஸ்கட்டும் போட்டால் அந்த வயிறு கெட்டுப்போகும். மெலாவாத்தி மேலே குரங்குக்குப் போடவென்று பயற்றங்காய், கடலை விற்கிறார்களே என்று கேட்கலாம். விற்பதால் அது சரியாகிவிடாது. கையில் தின்று பழகிய குரங்கு சாலைக்கு இறங்கும், வண்டியில் அடிபடும். இன்னொன்று கெரா, நீண்ட வால் குரங்கு. அதற்கு நெகிழிப் பை என்றாலே சாப்பாடு. தாப்பாவ் பொட்டலத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு போனால் பிடுங்கத்தான் செய்யும். சாப்பாட்டை முதலிலேயே முடித்துவிடுங்கள், தண்ணீர்ப் போத்தலையும் பைக்குள் வையுங்கள். கெரா நெருங்கினால் கண்ணுக்குக் கண் பார்க்கவோ பல்லைக் காட்டிச் சிரிக்கவோ கூடாது, அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு மெதுவாக விலகுங்கள். ஓட வேண்டாம்.

உடுப்பு பற்றிச் சுருக்கமாக: முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, மூடிய காலணி. சிலிப்பர் சேற்றோடு போய்விடும். கொசு மருந்தை வீட்டிலேயே பூசுங்கள், ஆனால் சின்னப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வேண்டாம், அது நேராக வாய்க்கும் கண்ணுக்கும் போகும். தள்ளுவண்டியும் வேண்டாம், பலகை இடுக்கில் சக்கரம் மாட்டும். உப்பு நீரில் பலகை சீக்கிரம் உளுத்துவிடும் என்பதால் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று வாசலில் கேட்டுவிட்டு நடங்கள். கைப்பிடியைப் பார்க்காமல் பிடிக்கவும் கூடாது. அலையாத்திக் காட்டில் கிளையோடு கிளையாகச் சுருண்டு கிடக்கும் விரியன் உண்டு. நாம் தொந்தரவு செய்யாதவரை அது அசையாது.

மத்தியானத்துக்கு மேல் போகிறவர்கள் இடியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். முதல் முழக்கம் கேட்டதும் பார்வைக் கோபுரத்திலிருந்து இறங்கிக் காருக்குள் போய்விடுங்கள். கடைசி முழக்கத்துக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் போதும்.

தாத்தா, பாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போவதையும் நான் தவறு என்றே சொல்வேன். கடலோரத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த மண் பழக்கம். பூங்காவின் ஒரு பகுதி முன்பு அலையாத்திக் காடாக இருந்தது. கடல் நீரைத் தடுக்கக் கரை கட்டியதும் உள்பக்கம் வேறு மரங்கள் முளைத்து வேறு காடாகிவிட்டது. எங்கள் அப்பா அந்தக் கரைமேல் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நம்ம தோட்டத்துலயும் இப்படித்தான் பண்டு போட்டு, தண்ணியக் கட்டி, அப்புறம்தான் கன்னு வெச்சோம்" என்றார். பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தோட்டம் முதலில் கடலா என்று கேட்டாள். அதற்குள் தலைக்கு மேல் ஒரு கருடன் வட்டமிட, அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவளும் போட்டுக்கொண்டாள்.

கடைசியாக, காலை நடையையும் கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகளையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். மின்மினி பார்க்க இருட்ட வேண்டும், அதற்குள் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். அதைத் தனி நாளாக, நிலா வெளிச்சம் இல்லாத இரவாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். படகில் ஏறுமுன் கைப்பேசியின் பிளாஷை அணைத்துவிடுங்கள்.