பள்ளி மதிய உணவுச் செலவு: கணக்கு எங்கே தப்புகிறது?

சத்தான சாப்பாடு கட்டிக்கொடுத்தால் செலவு கூடும் என்று பலரும் கணக்குப் போடாமலே சொல்லிவிடுகிறோம். கணக்குப் போடுகிறவர்களும் பெரும்பாலும் அளவுகோலில்தான் சறுக்குகிறார்கள்.

கலோரிக்கு என்ன விலை என்று பார்த்தால் சிப்ஸும் பிஸ்கட்டும் மலிவாகத்தான் தெரியும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4தான். காய்கறியில் பெரும்பகுதி தண்ணீர், அது எப்படி ஜெயிக்கும்? அமெரிக்க வேளாண் துறையின் பொருளாதார ஆய்வாளர்கள் 2012இல் இதைச் சோதித்தார்கள். உண்ணும் பகுதியின் எடையையோ ஒரு வேளைக்கான அளவையோ வைத்துப் பார்த்தபோது காய், பழம், தானியம், பால் வகைகள் எல்லாம் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளில் பெரும்பாலானவற்றைவிட மலிவாக இருந்தன. டப்பாவுக்குப் பொருத்தமானது கலோரிக் கணக்கல்ல, எடையையோ அளவையோ வைத்துப் போடும் இந்தக் கணக்குதான். அதற்காகப் பழத்தை மட்டும் நறுக்கி வைத்து அனுப்பினால் பிள்ளை பசியோடு வந்து நிற்கும். மிச்சம் பிடித்தது மாலைத் தீனியில் போய்விடும்.

எடைக்கணக்கிலும் ஏமாற இடமுண்டு. வாழைப்பழத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோல். உலர்ந்த பயறோ வெந்ததும் இரண்டு மடங்குக்கு மேல் எடை கூடும். கடையில் வாங்கும் எடையை விட்டு, தட்டுக்கு வரும் எடையைப் பாருங்கள்.

அப்புறம், ‘ஹெல்தி’ என்று அச்சடித்த பாக்கெட்டைச் சாதாரண பாக்கெட்டோடு ஒப்பிடுவது. அங்கே கூடுதல் விலை பெரும்பாலும் அந்த அச்சுக்குத்தான். வேகவைத்த முட்டைக்கோ பயறுக்கோ லேபிளே கிடையாது.

பலர் கணக்கில் சேர்க்காதது, டப்பாவில் திரும்பி வருவது. பாதி தின்று பாதி குப்பைக்குப் போனால் தின்றதன் விலை இரண்டு மடங்கு. புதுக் காயைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டுப் பத்துத் தடவைகூட ஆகலாம். ஆகவே முதலில் இரண்டே துண்டு வையுங்கள். முதல் வாரத்தில் வீணானதை வைத்து வருஷச் செலவை முடிவு செய்யாதீர்கள்.

சமைக்கும் நேரம், எரிபொருள் இரண்டையும் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்கே சமைக்கும்போது ஒரு பங்கு எடுத்து வைப்பதற்கு முழுச் செலவையும் டப்பாவின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

சரி, குறைகிற செலவைக் கழித்தீர்களா? ஜூஸ் பாட்டிலுக்குப் பதில் வீட்டுத் தண்ணீர் போகிறதே, அந்தக் காசை யாரும் எழுதிக்கொள்வதில்லை.