மழைக்காலத்தில் எழுத்து விழாத டாட் பீன் மெஷின்: என் அனுபவம்

காரைக்குடியில் எங்கள் லேத் பட்டறையில் பம்ப் ஷாஃப்ட்டில் சீரியல் நம்பர் அடிக்க டாட் பீன் மெஷின் இருக்கிறது. கார்பைடு முனை ஊசி காற்றழுத்தத்தில் துடித்து, உலோகத்தில் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுத்தாக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் எழுத்து கெட ஆரம்பித்தது. 8 அடித்தால் 3 போலத் தெரியும். டேட்டா மேட்ரிக்ஸ் (க்யூஆர் கோடு போன்ற சதுரப் புள்ளிக் குறியீடு) கட்டத்தை ஸ்கேனர் படிக்கவே மறுத்தது.

ஊசி முனை மழுங்கவில்லை. கம்ப்ரஸர் டேங்கின் அடி வால்வைத் திறந்தேன். துரு நிறத்தில் தண்ணீர் பீய்ச்சியது. ஏர் ஃபில்டர் கிண்ணத்திலும் தண்ணீர். அந்த ஈரம் ஊசி ஓடும் குழலுக்குள் போய், உலோகத் தூளோடு சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. காற்றை அடைத்து, இருந்த அழுத்தத்தையும் வெளியேற்றிவிட்டு, ஊசியையும் ஸ்பிரிங்கையும் கழற்றித் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டினேன். புள்ளி கணீரென்று விழுந்தது. இப்போதெல்லாம் காலையில் முதல் வேலை டேங்க் தண்ணீரை வடிப்பதுதான்.

இன்னொன்று. உருண்டைப் பாகத்தில் சுற்றுவாட்டில் எழுதினால் ஓரத்தில் ஊசிக்கும் பரப்புக்கும் இடைவெளி கூடி, புள்ளி ஆழமில்லாமல் போகும். பாகத்தைச் சுழற்றிக் கொடுக்கும் ரோட்டரி இணைப்பு எங்களிடம் இல்லை. அதனால் வி-பிளாக்கில் (V வடிவப் பள்ளம் உள்ள தாங்கு கட்டை) ஷாஃப்ட்டைப் படுக்கவைத்து நீளவாட்டில் எழுதுகிறேன். இதற்குப் பதில் லேசரால் எழுதும் மெஷின் வாங்கச் சொல்பவர்கள் உண்டு. பெயின்ட் அடித்த பிறகும் தடவிப் பார்க்கிற ஆழம் வேண்டுமென்றால் என் ஓட்டு டாட் பீனுக்குத்தான். டேட்டா மேட்ரிக்ஸில் உள்ளே சில புள்ளிகள் தவறினாலும் பிழைதிருத்தம் சமாளித்துவிடும். ஆனால் ஸ்கேனர் கட்டத்தை அடையாளம் காண உதவும் எல் (L) வடிவ ஓரக்கோட்டை மட்டும் ஒவ்வொரு பீஸிலும் பார்த்துவிடுங்கள்.