புழக்கடைக் கோழி வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துக் குஞ்சு பொரித்த தாய்க்கோழியின் பின்னால் இரண்டு மாதம் கழித்து மூன்று குஞ்சு ஓடிக்கொண்டிருக்கும். பருந்து தூக்கியது, பூனை பிடித்தது, தூங்கி விழுந்து செத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கும். மிஞ்சிய மூன்றும் மாசி, பங்குனி வெயிலில் கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டால், 'நம்ம வாசலுக்குக் கோழி ராசியில்லை' என்று கூண்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டுக் கோழிகள் பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான் சாகின்றன: பொரித்த முதல் ஆறு வாரம், வெள்ளைக்கழிச்சல் சுற்றும் கோடைத் தொடக்கம். வளர்ப்பவர் அக்கறையோடுதான் எல்லாம் செய்கிறார். செய்கிற நேரமோ முறையோ தவறிவிடுகிறது.

ஊசி போட்டதால் செத்தது என்பார்கள்

வெள்ளைக்கழிச்சல், கோழிக்கழிச்சல், ராணிகேத் எல்லாம் ஒரே நோய்தான். இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட இமயமலை ஊரின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இறக்கை தொங்கும். தப்பிப் பிழைத்த கோழிக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். இது வைரஸ் நோய். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. மெடிக்கலில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிட்டால் கோழி மிஞ்சாது.

எல்லா ஊரிலும் நடக்கும் தவறு இது: பக்கத்து வீட்டில் நாலு கோழி செத்த பிறகு ஊசிக்கு ஓடுவது. கிருமி உள்ளே போய் அறிகுறி தெரிய பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கவும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஏற்கெனவே கிருமி ஏறிய கோழிக்கு ஊசி போட்டால் மூன்றாம் நாள் சாகும். பழி ஊசிக்கு வரும். அடுத்த வருஷம் அந்தத் தெருவில் யாரும் ஊசி போட மாட்டார்கள். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இருவார முகாம் நடத்துவது, வெயில் ஏறும் முன்பே கோழிகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான். அந்த இரண்டு வாரத்தைத் தவறவிடாதீர்கள்.

அடுத்த தவறு, எல்லா வயதுக்கும் ஒரே மருந்து. குஞ்சு பொரித்த 5 முதல் 7 நாளுக்குள் எஃப்1 அல்லது லசோட்டா சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காம் வாரம் மறுபடி லசோட்டா. எட்டு வாரம் கடந்த பிறகுதான் ஆர்2பி ஊசி, இறக்கைக்கு அடியில் 0.5 மில்லி. ஆர்2பி வீரியம் கூடிய மருந்து. பெரிய கோழிக்குப் போடும் கையோடு மூன்று வாரக் குஞ்சுக்கும் போட்டுவிட்டால் கால் இழுத்துக்கொண்டு குஞ்சு விழும். முட்டையிடும் கோழிக்குப் போட்டால் சில நாள் முட்டை குறையும். எனவே முகாமுக்குக் கூடையைத் தூக்கிப் போகும்போது குஞ்சுகளின் வயதை நாள்கணக்கில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்கம் செய்துவிடுங்கள். சோர்ந்து நிற்கும் கோழிக்கு ஊசி வேண்டாம்.

மருந்து குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் என்றால் ஐஸ்கட்டி போட்ட ஃபிளாஸ்க், சட்டைப் பை அல்ல. கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மீதியை ஃபிரிட்ஜில் வைத்து நாளைக்குப் போடுவது தண்ணீர் போடுவதற்குச் சமம். ஒரு குப்பி நூறு கோழிக்கு மேல் வரும். பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கத் தயங்குவது இயல்பு. தெருவில் ஏழெட்டு வீடு சேர்ந்து ஒரே மாலையில் போட்டுக்கொண்டால் செலவும் குறையும், நோயும் வீட்டுக்கு வீடு தாவாது. குடிதண்ணீரில் கலக்குவதாக இருந்தால் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் ஆகாது, அது மருந்தைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்தூளைக் கலந்து, அதன் பிறகு மருந்தை விடுங்கள். பிளாஸ்டிக் பாத்திரமே போதும்.

கடைக் கோழியின் கழிவு

ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கி வந்து கழுவிய தண்ணீரைக் கொல்லையில் ஊற்றுவதும், தோலையும் குடலையும் கோழிகளுக்குப் போடுவதும் பழக்கமாகிவிட்டது. நோய் வந்த கோழியை அவசரமாக அறுத்து விற்பது எங்கும் நடப்பதுதான். அதன் குடலில் கிருமி உயிரோடு இருக்கும். ஊசி போடாத வீட்டில் சீக்கு எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கழிவைப் புதைத்துவிடுங்கள்.

சந்தையில் வாங்கிய சேவலை அன்றே கூட்டத்தில் விடுவதும் இதே வகைத் தவறு. புதிதாக வரும் கோழி எவ்வளவு துடிப்பாக இருந்தாலும் மூன்று வாரம் தனிப் பஞ்சாரத்தில் இருக்கட்டும். அதற்குத் தீனி வைப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். அதைத் தொட்ட கையோடு மற்ற கோழிகளிடம் போகாதீர்கள். கோயிலுக்கு நேர்ந்துவிட வாங்கி நாலு நாள் கட்டிவைக்கும் சேவலுக்கும் இது பொருந்தும்.

குஞ்சுக்கு வேண்டியது சூடு

தாயில்லாமல் வாங்கிவரும் ஒரு நாள் குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைக்கலாம். குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு வைத்துக்கொண்டால் 50 குஞ்சுக்கு 100 வாட். ஒரே பல்பாக மாட்டாமல் இரண்டு 60 வாட் குண்டு பல்பாக மாட்டுங்கள். ராத்திரி ஒன்று ஃபியூஸ் ஆனாலும் இன்னொன்று இருக்கும். குண்டு பல்பு கிடைக்கவில்லை என்று எல்இடி மாட்டுபவர்கள் இப்போது அதிகம். எல்இடி வெளிச்சம்தான் தரும், அந்தச் சூடு அதில் வராது. பளிச்சென்ற வெளிச்சத்திலேயே குஞ்சுகள் விறைத்துச் சாகும்.

அட்டையையோ தகரத்தையோ ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமாக வளைத்து நிறுத்துங்கள். 50 குஞ்சுக்கு மூன்றடி விட்டம் முதல் சில நாளைக்குப் போதும். பிறகு விரித்துக்கொண்டே போக வேண்டும். சதுரப் பெட்டி ஆகாது. குளிரிலோ பயத்திலோ குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும். தெர்மாமீட்டர் இல்லையென்றாலும் குஞ்சுகளே சொல்லிவிடும். பல்புக்கு நேர் அடியில் குவிந்து, ஓயாமல் கத்தினால் சூடு போதவில்லை. ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப் பக்கத்திலிருந்து ஈரக்காற்று வருகிறது. பரவலாக மேய்ந்துகொண்டிருந்தால் சரி. இரவு பத்து மணிக்கும் விடிகாலை நாலு மணிக்கும் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும், சாவு நடப்பது அந்த நேரத்தில்தான்.

கரன்ட் போனால் கரி அடுப்பை உள்ளே வைத்து மூடிவிடாதீர்கள். புகையே தெரியாமல் நச்சுக்காற்று மொத்தக் குஞ்சையும் கொன்றுவிடும். கொதிநீர் ஊற்றிய பாட்டில்களைத் துணியில் சுற்றி நடுவில் வைத்தால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும்.

உமியின் மேல் விரிக்கும் செய்தித்தாள் வழுக்கும். அதில் வாரக்கணக்கில் நிற்கும் குஞ்சுக்குக் கால் இரண்டு பக்கமும் விரிந்துபோகும். மூன்று நாளில் எடுத்துவிடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் குஞ்சு விழுந்து நனையும். நனைந்த குஞ்சு பிழைப்பது கஷ்டம். தூரத்திலிருந்து வந்த குஞ்சுக்கு முதலில் லிட்டருக்கு 50 கிராம் வெல்லம் கரைத்த தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்துத் தீனி.

தாய்க்கோழியோடு இருக்கும் குஞ்சுக்கு பல்பு வேண்டாம். ஆனால் பொரித்த மறுநாளே தாயோடு பனியில் திறந்துவிடுவதுதான் பத்து மூன்றாகக் குறையக் காரணம். முதல் மூன்று வாரம் தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்தில் அல்லது வலைக்குள் வைத்துத் தீனி போடுங்கள். காக்கை, பருந்து, பூனை, கீரி நான்கிலிருந்தும் ஒரே வேலியில் தப்பலாம்.

மூன்றாம் வாரத்துக்குப் பிறகு ரத்தக்கழிச்சல்

குஞ்சு தேறிவிட்டது என்று நிம்மதியாகும் நேரத்தில், மூன்று முதல் எட்டு வாரத்துக்குள் இது வரும். எச்சத்தில் ரத்தம், இறகு சிலிர்த்துக் குறுகி நிற்பது, கொண்டை வெளுப்பது. காரணம் ஒட்டுண்ணி, அதற்கு வேண்டியது ஈரம். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்து கட்டியான உமியில் இதன் முட்டைகள் இரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். வாரம் ஒரு முறை மொத்தத்தையும் மாற்றுவதைவிட, நனைந்த உமியை மட்டும் அன்றாடம் அள்ளிக் கொட்டி, மீதியைக் கிளறிவிடுவது நல்லது. மூக்கை எரிக்கும் நெடி அடித்தால் ஏற்கெனவே தாமதம். தண்ணீர்ப் பாத்திரம் குஞ்சின் முதுகு உயரத்தில் இருக்கட்டும், கிளறிச் சிந்தாது.

நோய்க்கு மருத்துவர் எழுதித்தரும் ஆம்ப்ரோலியம் நன்றாக வேலை செய்யும். அதோடு சேர்த்து 'தெம்புக்கு' பி காம்ப்ளெக்ஸ் கொடுப்பதுதான் தவறு. அந்த ஒட்டுண்ணிக்கு வைட்டமின் பி1 கிடைக்காமல் செய்துதான் ஆம்ப்ரோலியம் அதைக் கொல்கிறது; நாம் பி1 ஊற்றினால் மருந்து வீணாகிவிடும். டானிக்கை மருந்து முடிந்த பிறகு கொடுங்கள்.

நொய்யரிசி மட்டும் தீனி ஆகாது

அரிசிக் குருணை, கம்பு, சோளம் எல்லாம் மாவுச்சத்து. குஞ்சுக்கு நூற்றுக்கு 20 பங்கு புரதம் வேண்டும். முதல் எட்டு வாரம் குஞ்சுத் தீவனம் வாங்கிப் போட்டுவிடுவது செலவல்ல, சேமிப்பு. கூடவே கரையான் கிடைத்தால் அதற்கு ஈடில்லை: பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணிச் சாக்கு, ஓலைத் துண்டு திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்தால் மறுநாள் காலை குஞ்சுகளுக்கு விருந்து. அடைமழைக் காலத்தில் இது சரிவராது.

முட்டைக் கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குப் போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து குஞ்சுக்கு வேண்டியதைப்போல மூன்று மடங்கு இருக்கும், சிறுநீரகம் கெடும். எல்லாம் ஒன்றாக மேயும் வீட்டில், பொதுவாகக் குஞ்சுத் தீவனம் போட்டு, இடும் கோழிகளுக்குக் கிளிஞ்சலைத் தனித் தட்டில் வையுங்கள். தேவைப்படும் கோழி தானே கொத்தும். தோல்முட்டை விழுவதும் அதனால் நிற்கும்.

பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தையும் கடலைப் பிண்ணாக்கையும் 'கோழிக்குத்தானே' என்று போடுவது ஈரலை அரித்துவிடும். வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கருவாட்டுக் கழிவும் ஊறுகாய் மிச்சமும் குஞ்சுகளுக்கு உப்பு நஞ்சாகும். தெர்மாகோல் துண்டை ஆசையாகக் கொத்தும், நைலான் நூலை விழுங்கும், கொல்லையைக் கூட்டிவையுங்கள்.

அடை வைக்கும்போது

இடியில் முட்டை கெட்டுவிடும் என்று கவலைப்பட்டு இரும்புத் துண்டும் கரித்துண்டும் கூடையில் போடுகிறோம். கூமுட்டைக்கான நிஜமான காரணங்கள் வேறு. பத்து நாள் பழைய முட்டை, கழுவிய முட்டை, எட்டுப் பத்துக் கோழிக்கு ஒரு சேவல்கூட இல்லாத கூட்டம், பல தலைமுறையாக அதே வீட்டுச் சேவல். ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டைகளைக் கூர்முனை கீழாக நிழலில் சேர்த்து, ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு வைத்தால் போதும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். நரம்போடாமல் வெறுமையாகத் தெரிவதை எடுத்துவிட்டால் மற்றவற்றுக்குச் சூடு கூடும். 21 நாளும் கோழி எழுந்து தின்று வர தீனியும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பாதியில் அடையை விட்டு ஓடும் கோழியைத் திட்டும் முன் கூடையை இரவில் பாருங்கள்: பகலில் இடுக்கில் ஒளிந்து ராத்திரியில் ரத்தம் குடிக்கும் சிறு உண்ணிகள் இருக்கும். வைக்கோலை எரித்துவிட்டு, புதுக் கூடையில் அடியில் சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் போட்டு மாற்றுங்கள்.

அடையைக் கலைக்கத் தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகைச் செருகுவதும் வேண்டாம். அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில் நாலு நாள், தீனி தண்ணீரோடு விட்டால் வயிற்றுச் சூடு தணிந்து தானே கலையும். கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய ரகங்கள் முட்டை கூடுதலாக இடும், ஆனால் அடைக்கு உட்காருமென்று காத்திருக்காதீர்கள். அந்த வேலைக்கு ஒரு சிறுவிடை நாட்டுக்கோழி வீட்டில் இருக்கட்டும்.

கூண்டும் செத்த கோழியும்

கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், பெருச்சாளியை வெளியே வைக்காது. தரையிலிருந்து இரண்டடிக்கு அரை அங்குல வெல்டு மெஷ் அடித்து, ஒரு அடியை மண்ணுக்குள் புதையுங்கள். இரவுக்கு மட்டும் அடைப்பதென்றால் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி; நாள் முழுக்க அடைத்தால் இரண்டு. குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டினால் நெடி தங்கிச் சளி பிடிக்கும். மேல்பக்கம் ஒரு அடியாவது திறந்திருக்கட்டும்.

சீக்கில் செத்ததை வாய்க்காலிலோ குப்பை மேட்டிலோ எறிந்தால் நாய் இழுத்துவந்து ஊர் முழுக்கப் பரப்பும். மூன்றடிக் குழி, மேலே சுண்ணாம்பு, பிறகு மண். தூங்கி நிற்கும் மற்ற கோழிகளைச் சந்தைக்குக் கொண்டுபோவது அடுத்தவர் வீட்டில் கொள்ளி வைப்பது போலத்தான். கூண்டைக் காலிசெய்து, பழைய உமியை எரித்து, சுண்ணாம்பு அடித்து, ஒரு மாதம் வெயில் படும்படி திறந்துபோடுங்கள். அதன் பிறகு புதுக் குஞ்சு வாங்கலாம், ஐந்தாம் நாள் சொட்டு மருந்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு.