ஆய்வுக்கு ரத்தம் கொடுக்கும் முன் அரை லிட்டர் தண்ணீர்
மருத்துவ ஆய்வுக்குத் தன்னார்வலராக ரத்த மாதிரி கொடுக்கப் போகும் மாணவர்கள், அரை மணி நேரம் முன்பே 500 மி.லி. வெறும் தண்ணீர் குடித்துவிடுங்கள். ஏசி அறையில் காத்திருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முழங்கையின் உள்பக்கம் 3 நிமிடம் வையுங்கள்.

நீர் குறைந்தால் ரத்தக்குழாய் சுருங்கி, ஊசி முனை பட்டதும் நழுவும். சூட்டில் விரிந்தால் விரலுக்கு நன்றாகத் தட்டுப்படும். இரண்டாவது முறை குத்த வேண்டிய வாய்ப்பு குறையும். தலைசுற்றலும் குறையும். 'வெறும் வயிறு' என்றால் பொதுவாகத் தண்ணீருக்குத் தடையில்லை. ஆனால் சர்க்கரை போடாத கட்டங்காப்பிகூடக் கூடாது, பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

சிறுநீர் அடர்த்தி பார்க்கும் ஆய்வுக்கும், மாத்திரைக்கு முன்னும் பின்னும் தண்ணீரை நிறுத்தச் சொல்லும் மருந்து ஆய்வுக்கும் இது வேண்டாம். சிறுநீரகக் கோளாறால் தண்ணீரை அளந்து குடிப்பவர்களுக்கும் பொருந்தாது.