மவுத் ஓர்கனில் மூச்சுப் பழக்கம்

மவுத் ஓர்கன் வாங்கினவுடனே பாட்டுத் தேடி ஓடாதீர்கள், முதலில் மூச்சைப் பழக்குங்கள். பத்துத் துளை, சி சுருதி உள்ளது போதும். 1 முதல் 3 வரையான துளைகளை வாய்க்குள் அடக்கி இரண்டு தரம் இழுத்து இரண்டு தரம் ஊதுங்கள், கெதியாகச் செய்தால் யாழ்தேவி ரயில் கொடிகாமம் தாண்டி ஓடுகிற சத்தம் வந்துவிடும், ஆனால் மெதுவாகவே தொடங்குங்கள். கன்னத்தை உப்பவேண்டாம். நெஞ்சு நிறைந்து முட்டினால் மூக்கால் கொஞ்சம் விடலாம்.

அப்புறம் 4 முதல் 6 வரை ஒவ்வொன்றிலும் ஊதி, இழுத்தால் ச ரி க ம ப த. ஏழில்தான் தடுமாற்றம்: அங்கே இழுத்தால் நி, ஊதினால் மேல் ச, ஒழுங்கு தலைகீழ். 6 இழுவை, 7 இழுவை, 7 ஊதல், இந்த மூன்றையும் தனியாகத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு, துளைப் பக்கத்தை உள்ளங்கையில் தட்டி எச்சிலை எடுங்கள்.