குழந்தையின் பல் நிறம் மாறினால்: தேய்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

பல்லில் கறை தெரிந்ததும் பல வீடுகளில் பிரஷ்ஷை எடுத்து அழுத்தித் தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். கறை மேலே படிந்ததாக இருந்தால் சரி. பல்லுக்குள்ளேயே இருந்தால் எனாமல், அதாவது பல்லின் கடினமான மேலுறை, தேய்வதுதான் மிச்சம். ஆகவே முதலில் கறை மேலேயா, உள்ளேயா என்று பாருங்கள்.

1. உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

ஜன்னலோரம் உட்கார்ந்து, குழந்தையின் தலை உங்கள் மடியில் இருக்கும்படி மல்லாக்கப் படுக்க வையுங்கள். மேலுதட்டைத் தூக்கி, முன்பல் ஈறோடு சேரும் இடத்தை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருக்கும்வரை ஆரம்பச் சொத்தை கண்ணில் படாது. பல் காய்ந்ததும் ஈறோரமாகச் சுண்ணாம்பு தீற்றியது போல, பளபளப்பே இல்லாத ஒரு வெள்ளைக் கோடு தெரியும். சொத்தை பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்தக் கட்டத்தில் குழி விழாமல் தடுத்துவிடலாம். பழுப்பாகிக் குழி விழுந்தபின் பெரும்பாலும் அடைக்க வேண்டியிருக்கும். பல்லின் பின்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

2. துடைத்தால் வருகிறதா?

துணியில் மஞ்சள் மாவு போல வழித்துக்கொண்டு வந்தால் அது அழுக்குப் படலம், பிரஷ்ஷே போதும். வராவிட்டால் நிறத்தையும் இடத்தையும் கவனியுங்கள்.

*ஈறோரமாகப் பல பற்களில் கறுப்புக் கோடு:* வாயில் உள்ள ஒருவகை பாக்டீரியா உண்டாக்குவது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சொத்தை அல்ல. பல் மருத்துவர் பாலிஷ் செய்தால் போய்விடும். சில மாதத்தில் திரும்பவும் வரலாம்.

*இரும்புச்சத்து சிரப் குடிக்கும் குழந்தைக்குக் கறுப்புத் திட்டு:* மருந்தை நிறுத்தாதீர்கள். டிராப்பரால் நாக்கின் பின்பகுதியில் விட்டு, உடனே தண்ணீர் கொடுங்கள். பாலில் கலந்து கொடுத்தால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும்.

*ஒரே ஒரு முன்பல் மட்டும் சாம்பல் நிறம்:* பெரும்பாலும் விழுந்து அடிபட்டதன் விளைவு. பல நாள், ஏன் பல வாரம் கழித்துக்கூட நிறம் மாறும். அதற்குள் விழுந்ததையே வீட்டில் மறந்திருப்பார்கள். பால் பல்லில் வலியோ வீக்கமோ இல்லையென்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவைப்பதும் உண்டு. நிலைப்பல்லாக இருந்தால் வேர் சிகிச்சை தேவைப்படலாம், தள்ளிப்போடாதீர்கள்.

*இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளை, பழுப்புக் கோடுகள்:* பல் உருவாகும் வயதில் ஃப்ளோரைடு அதிகமாகச் சேர்ந்திருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் இது பழைய பிரச்சினை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் விரும்பத்தக்க அளவு, வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, நீர் வற்றி அடர்த்திதான் கூடும்.

*6 வயதில் முளைத்த கடைவாய்ப் பல்லில் மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டு, கூடவே கூச்சம்:* எனாமல் சரியாக இறுகாத பல். மெல்லும்போதே பொடிந்துவிடலாம், சீக்கிரம் காட்டுங்கள்.

6, 7 வயதில் புதுப் பல் பக்கத்துப் பால் பல்லைவிட மஞ்சளாகத் தெரிவது இயல்பு. இதற்காக அலைய வேண்டாம்.

3. வீட்டில் செய்ய வேண்டியது

காலையிலும் படுக்கப் போகும் முன்பும் 2 நிமிடம், 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட். 3 வயது வரை அரிசி மணி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவது பேஸ்ட் விற்பதற்காக. துப்பினால் போதும், தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம். 7, 8 வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். பால் பாட்டிலோடு தூங்க வைப்பதை இன்றே நிறுத்துங்கள்.

எலுமிச்சை, கரித்தூள், செங்கல் பொடி எதுவும் வேண்டாம். முதலாவது எனாமலைக் கரைக்கும், மற்றவை சுரண்டும். எனாமல் மெலிந்தால் அடியில் உள்ள மஞ்சள் இன்னும் தெளிவாகத் தெரியும்.

4. பல் மருத்துவரிடம் கேட்க வேண்டியது

வெள்ளைக் கோட்டுக்கு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவார்கள். சிறு குழந்தையின் சொத்தையை நிறுத்த வெள்ளி கலந்த ஃப்ளோரைடு மருந்து தடவுவதும் உண்டு. வலிக்காது, ஆனால் சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல் என்றால் தடவும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளோரைடு கறைக்கு எனாமலின் மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுப்பது, பிசின் ஊடுருவச் செய்வது என்று வழிகள் உண்டு, இவை நிலைப்பல்லுக்குத்தான். கடையில் விற்கும் பிளீச்சிங் பட்டை, ஜெல் குழந்தைக்கு வேண்டாம்.

நிறம் மாறிய பல்லுக்கு மேலே ஈறில் பரு போலச் சீழ்க் கொப்புளம் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அந்த வாரமே காட்டுங்கள். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே.