பழைய ராணுவ லாரிக்குக் காப்பீடு எடுக்கும் முன்

ராணுவ ஏலத்தில் வாங்கி மாற்றியமைத்த சக்திமான் லாரிக்கு முழுக் காப்பீடு கேட்கும் முன், எஞ்சின் மாற்றம், தார்ப்பாய்க்குப் பதிலாக அடித்த இரும்பு பாடி உள்ளிட்ட அனைத்தையும் ஆர்.டி.ஓ. அனுமதியுடன் ஆர்.சி.யில் ஏற்றிவிட்டு, உரிமம் பெற்ற காப்பீட்டு சர்வேயரிடம் மதிப்பீட்டு அறிக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். உற்பத்தி நின்றுபோன, 5 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு, வயதுக்கேற்ப மதிப்பைக் குறைக்கும் தேய்மான அட்டவணை பொருந்தாது என்பதால், காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்; கையில் அறிக்கை இல்லாவிட்டால் பழைய இரும்பு விலையைச் சொன்னாலும் மறுத்துப் பேச வழியிருக்காது. ஆர்.சி.யில் ஏறாத மாற்றமோ, விபத்துக்குப் பிறகு இழப்பீட்டை மறுக்கக் காரணமாகிவிடும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதுமென்றால் மதிப்பீட்டுச் செலவு வீண், ஆர்.சி. பதிவை மட்டும் அப்போதும் தவிர்க்க முடியாது.